ஜப்பானில் ஏஎல்டி வேலையை அடுத்து வருபவரிடம் ஒப்படைத்த அனுபவங்கள்

நடைவண்டி:

ஜூலைக் கடைசியில் ஒரு ஏஎல்டி (ஜப்பானியப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் உதவி மொழி ஆசிரியர்) கிளம்புவார், ஆகஸ்ட் முதல் வாரம் இன்னொருவர் வந்து இறங்குவார். இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொள்வது பல ஊர்களில் நடப்பதே இல்லை. எல்லாம் கிளம்புகிறவர் எழுதிவைக்கும் ஒப்படைப்புக் கோப்பை நம்பித்தான். இங்கே இருக்கும் எல்லாருக்கும் இது தெரியும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை இரவு 8 மணி. புது ஏஎல்டி வீட்டுக்குள் வந்து, விளக்கைப் போட்டு, குளிக்கப் போய்க் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர். வெளியே மீட்டரில் ஒரு அட்டை தொங்குகிறது, கேஸ் அடைக்கப்பட்டிருக்கிறது என்று. கோப்பு மொத்தம் 40 பக்கம். கேஸைப் பற்றி 31ஆம் பக்கத்தில் ஒரே வரி: "கேஸ் கம்பெனிக்கு போன் செய்ய வேண்டும்." வந்து இறங்கியவருக்கு ஜப்பானிய மொழியும் வராது, போன் எண்ணும் இன்னும் வாங்கவில்லை. திங்கட்கிழமை வரை பச்சைத் தண்ணீர்தான். அவர் ஈரத் தலையோடு மீட்டர் முன்னால் நின்று அந்த அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மின்சாரமும் தண்ணீரும் ஆள் இல்லாமலே திறந்து விடுவார்கள். கேஸ் அப்படியில்லை. கேஸ் திறப்பதை "காய்சென்" என்பார்கள். கம்பெனி ஆள் வீட்டுக்கு வந்து, கசிவு பார்த்து, அடுப்பைப் பற்றவைத்துக் காட்டிவிட்டுத்தான் போவார், அதற்கு வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும். ஆகவே கிளம்புகிறவர் தன் பெயரில் கேஸை அடைக்கச் சொல்லி போன் செய்யும் அதே நாளில், புதியவர் வந்து சேரும் தேதிக்குத் திறக்கவும் சூப்பர்வைசரை விட்டு நேரம் வாங்கிவிட வேண்டும். அவர் வந்து சேர இரவாகும் என்றால் மறுநாள் காலை நேரம் கேளுங்கள்.

கோப்பைத் தலைப்பு வாரியாக அடுக்காதீர்கள், எது எப்போது தேவைப்படுமோ அந்த வரிசையில் அடுக்குங்கள். முதல் பக்கம் முதல் இரவுக்கு: மின்சார பிரேக்கர் எங்கே, கேஸ்காரர் எத்தனை மணிக்கு வருவார், அடுத்த குப்பை நாள் எது, எந்தப் பையில் போட வேண்டும், வெளிநாட்டு கார்டு எடுக்கும் ஏடிஎம் பக்கத்தில் எங்கே, வீட்டு முகவரி ஜப்பானியக் கான்ஜி எழுத்தில் பெரிதாக. டாக்ஸி டிரைவரிடம் அப்படியே நீட்டலாம். இரண்டாம் பக்கம் முதல் வாரத்துக்கு. 14 நாளுக்குள் நகராட்சியில் முகவரி பதிய வேண்டும் என்பது அங்கே வரட்டும். ஊரின் வரலாறும் மலையேறும் பாதையும் கடைசியில் இருந்தால் போதும்.

கல்திட்டை:

வீட்டைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் பாதியில் நிற்கும் வேலையை யாரும் எழுதுவதில்லை.

ஜூனியர் ஹைஸ்கூல் ஆங்கிலப் பேச்சுப் போட்டி பல மாவட்டங்களில் செப்டம்பர், அக்டோபரில் வரும். கோடை விடுமுறைக்கு முன்பே பேச்சு எழுதி முடிந்திருக்கும், ஆகஸ்டில் மனப்பாடம். அதாவது எழுதித் திருத்தியவர் ஒருவர், பயிற்சி கொடுப்பவர் வேறொருவர்.

ஆகஸ்ட் நடுவில், காலி வகுப்பறை. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி முழுப் பேச்சையும் பார்க்காமல் சொல்கிறாள். புது ஏஎல்டி நல்ல எண்ணத்தோடுதான் 14 இடத்தில் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தார். இலக்கணப் பிழை அதில் இரண்டுதான், மீதி எல்லாம் "இப்படிச் சொன்னால் இன்னும் இயல்பாக இருக்கும்" வகை. மறுநாள் அவள் நான்காவது வாக்கியத்தில் நின்றுவிட்டாள். பழைய சொல் வாய் வரை வந்தது. கையால் வாயை மூடிக்கொண்டாள். புதுச் சொல் வரவில்லை. முதலிலிருந்து தொடங்கினாள், அதே இடத்தில் மறுபடியும் நின்றாள். மூன்று வாரமாக முந்தைய ஏஎல்டியின் குரல் பதிவைக் கேட்டுக் கேட்டு அந்தத் தாளத்தோடு மனதில் ஏற்றியது அது. ஒரு சொல்லை உருவினால் அந்த வரி முழுக்கச் சரிந்துவிடுகிறது.

பேச்சை ஒப்படைக்கும்போது கொடுக்க வேண்டியவை: தேதி போட்டு "இதுவே இறுதி" என்று எழுதிய ஒரே ஒரு பிரதி. பழைய வரைவுகள் கோப்பில் இருக்கக் கூடாது. இரண்டு குரல் பதிவு, ஒன்று மெதுவாக, ஒன்று மேடை வேகத்தில். எங்கே மூச்சு விட வேண்டும் என்று ஒற்றைக் கோடு, எங்கே பார்வையாளரைப் பார்த்து நிற்க வேண்டும் என்று இரட்டைக் கோடு. அந்த மாணவிக்கு வராத ஒலிகள் தனியாக. ர, ல குழப்பம் எல்லாருக்கும் தெரியும்; அதைவிடக் காதில் விழுவது மெய்யெழுத்தில் முடிகிற சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் உயிர். "ஆண்ட்" என்பது "ஆண்டோ" ஆகும், "பட்" என்பது "பட்டோ" ஆகும். எந்தெந்தச் சொல்லில் ஒட்டுகிறது என்று வட்டம் போட்டுக் கொடுத்தால் புதியவர் முதல் நாளே அதில் இறங்கலாம்.

இதையும் எழுதி வையுங்கள்: "இந்த மூன்று வாக்கியம் ஆங்கிலம் பேசுகிறவர் சொல்கிற மாதிரி இல்லை, ஆனால் அவளே எழுதியது, வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்." இது இல்லாவிட்டால் புதியவர் கண்ணுக்கு அது தவறவிட்ட பிழையாகத்தான் படும். மனப்பாடம் ஆன பிறகு உண்மையான இலக்கணப் பிழையை மட்டும் திருத்தலாம், நாளுக்கு ஒன்று. போட்டிக்குக் கடைசி இரண்டு வாரம் எழுத்தில் கை வைக்கக் கூடாது.

நீர்முள்ளி:

நடைவண்டி சொல்றதுல ஒரு இடம் ஒத்துக்க முடியல. கேஸுக்கு நேரம் வாங்குறது சூப்பர்வைசர் வேலை, கிளம்புறவர் வேலை இல்ல. கிளம்புறவர் தன் பேர்ல இருக்கிறத மூடத்தான் முடியும். வாடகை ஒப்பந்தம் கல்விக் குழு பேர்ல இருந்தா பேர் மாத்தி விட்டாலே போதும்னு இருக்கலாம், மூட வேண்டி வராது. முதல்ல ஒப்பந்தம் யார் பேர்ல இருக்குன்னு கேளுங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

மனசுல தங்கிப்போனது வேற ஒண்ணு. பால்கனியில ஒரு வாஷிங் மெஷின், ஓடாது. புதுசா வந்தவர் அதுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருந்தார். முந்தினவர் அனுப்பின பட்டியல்ல "வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ், மொத்தம் 80,000 யென்"னு மட்டும் இருந்தது. மூடியைத் திறந்தா டிரம்முக்குள்ள கறுப்பு பூஞ்சை அப்பிக் கிடந்தது, பின்னாடி ஒட்டியிருந்த தயாரிப்பு ஆண்டு 2006.

பழைய வாஷிங் மெஷினைக் குப்பையில போட முடியாது. டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி நாலுக்கும் 2001லேர்ந்து மறுசுழற்சிச் சட்டம் இருக்கு. தூக்கிப் போடுறவர்தான் மறுசுழற்சிக் கட்டணமும் கட்டணும், எடுத்துட்டுப் போற கூலியும் கட்டணும். மெத்தை, அலமாரி, சைக்கிள் மாதிரி பெரிய சாமான் "ஸோதாய் கோமி". முன்பதிவு பண்ணி, ஸ்டிக்கர் வாங்கி ஒட்டி, சொன்ன நாள்ல வெளிய வைக்கணும். ஜூலையில கேட்டா அவங்க சொல்ற தேதி நீங்க கிளம்பின அப்புறமாகூட இருக்கலாம். ஜூன்லயே பண்ணிடுங்க.

சாமான் விக்கிறவங்க கவனிக்க வேண்டியது. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி விலை, தனித்தனி போட்டோ, தயாரிப்பு ஆண்டு தெரியற மாதிரி. வேண்டாம்னு சொல்ற உரிமை அவருக்கு இருக்கணும், அவர் வேண்டாம்னு சொன்னதை எடுத்துப் போடுறது உங்க பொறுப்பு. பணத்தை வர்றதுக்கு முன்னாடியே கேக்காதீங்க. முதல் சம்பளம் வர மூணு நாலு வாரம் ஆகும், அது வரைக்கும் கையில கொண்டு வந்த காசுலதான் ஓட்டணும். முதல் சம்பளத்துக்கு அப்புறம் கொடுங்கன்னு சொல்றதுதான் முறை.

கார் இருந்தா ஷாக்கென் எப்ப முடியுதுன்னு முதல் வரியிலயே எழுதுங்க. சொந்த காருக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற சோதனை அது, செலவு கையைக் கடிக்கும். ரெண்டு மாசத்துல முடியப்போற ஷாக்கெனோட காரை விக்கிறவர் அதை விலையில கழிச்சே ஆகணும். கட்டாயக் காப்பீடு காரோட போகும். தனியா எடுத்த காப்பீடு உங்க பேர்ல எடுத்தது, நீங்க ரத்து பண்ணினா அதோட சரி. சாவி கைமாறுற அன்னிக்கே புதியவர் பேர்ல புதுக் காப்பீடு தொடங்கணும், ஒருநாள்கூட இடைவெளி கூடாது. இந்தியாவுல எடுக்கிற சர்வதேச லைசென்ஸ் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி இருக்கிறதால இங்க செல்லும், ஆனா ஒரு வருஷம் மட்டும்தான். அதுக்குள்ள ஜப்பான் லைசென்ஸா மாத்தணும். அதை மாத்தணும்னா லைசென்ஸ் எடுத்த நாட்டுல, எடுத்த பிறகு குறைஞ்சது மூணு மாசம் இருந்ததுக்கு ஆதாரம் கேப்பாங்க. பழைய பாஸ்போர்ட்டையும் எடுத்துட்டு வரச் சொல்லி மெயில்ல எழுதிடுங்க.

ஏரிக்கரை:

இருக்கை வரைபடம். "ஸசெகிஹ்யோ" என்று ஆசிரியர் மேஜையில் ஒட்டியிருப்பார்களே, அதில் ஒரு கட்டத்தைச் சுற்றிப் பென்சில் வட்டம், பக்கத்தில் "பேசமாட்டான்". முந்தைய ஏஎல்டி எழுதியது. புதியவர் அதை நம்பி செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை அந்தப் பையனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. டிசம்பரில் நேர்காணல் தேர்வு, ஒவ்வொருவராக நடைபாதைக்கு அழைத்துத் தனியாகக் கேட்பது. கதவு மூடியதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஐந்து கேள்விக்கும் முழு வாக்கியத்தில் பதில். கடைசியில் அவனே ஒரு கேள்வி திருப்பிக் கேட்டான். நாற்பது பேர் முன்னால்தான் அவனுக்குப் பேச வரவில்லை. நான்கு மாதம் யாரும் அவனை இப்படித் தனியாகக் கேட்டதில்லை.

பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல்லில் எழுதி வைக்காதீர்கள். அவர்கள் மாறிவிடுவார்கள், எழுத்து மாறாது. இருக்கைகளையும் மாதத்துக்கு ஒருமுறையோ பருவத்துக்கு ஒருமுறையோ மாற்றிவிடுவார்கள், உங்கள் வட்டம் வேறொரு பிள்ளை தலையில் விழும். வகுப்பைப் பற்றி எழுதுங்கள்: "2ஆம் ஆண்டு பி: குழுவாகப் பிரிக்க 4 நிமிடம் ஆகும், அதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். ஜோடியாக நன்றாக வேலை செய்வார்கள். மதிய உணவுக்கு அடுத்த வகுப்பில் எழுந்து நடக்கும் விளையாட்டு வைத்தால்தான் ஓடும்." இது ஒரு வருஷத்துக்காவது நிற்கும்.

புதுவெயில்:

ஏரிக்கரை அவர்களே, நீங்கள் சொன்னது பாதி சரி. எழுதவே கூடாது என்று எடுத்துக்கொண்டால் ஆபத்து. ஒரு காது கேட்காத பிள்ளை எந்தப் பக்கம் உட்கார வேண்டும், எதிர்பாராத சத்தத்துக்குப் பயந்து வெளியே ஓடும் பிள்ளை யார், இவை புதியவருக்கு முதல் வகுப்புக்கு முன்பே தெரிய வேண்டும். பலூன் உடைக்கும் விளையாட்டு நடத்திய பிறகு தெரிந்து பயனில்லை.

ஆனால் உங்கள் கோப்பில் எழுத வேண்டாம். பெயரோடு உடல்நலக் குறிப்பு தனிப்பட்ட தகவல், அதை வீட்டுக்கு எடுத்துப் போகிற யூஎஸ்பியிலோ மெயிலிலோ வைக்கக் கூடாது. கோப்பில் ஒரு வரி போதும்: "முதல் வகுப்புக்கு முன் யோகோ சென்செயையும் அந்தந்த வகுப்பு ஆசிரியரையும் கேளுங்கள்." உடல்நல அறையில் இருக்கும் ஆசிரியரிடம் எல்லாப் பட்டியலும் இருக்கும். ஹாலோவீனுக்கு மிட்டாய் கொடுக்கலாமா என்பதும் இதில் அடக்கம். முட்டை, பால், கோதுமை, கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை பல வகுப்பில் உண்டு. பள்ளியைக் கேட்காமல் தின்பண்டம் எதுவும் கொடுக்கக் கூடாது, ஸ்டிக்கர் கொடுங்கள்.

மணல்கடிகை:

ஐந்து வருஷம் சேர்த்த பாடக் கோப்புகள், 300க்கு மேல். எல்லாம் ஒரு லிங்க்கில். செப்டம்பர் முதல் தேதி புதியவர் திறந்தால் "அணுகல் இல்லை". பள்ளி கொடுத்த கணக்கில் வைத்திருந்ததால் ஒப்பந்தம் முடிந்ததும் கணக்கை மூடிவிட்டார்கள், கோப்புகளும் கூடவே போய்விட்டன.

ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டரின் பொது டிரைவில் "ஏஎல்டி" என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் வகுப்பு வாரியாக, பாட எண் வாரியாக. அங்கே மட்டும் வையுங்கள். கிளம்பும் முன் வேறொரு ஆசிரியரின் கணக்கில் நுழைந்து பத்துக் கோப்பைத் திறந்து பாருங்கள். மூன்று விஷயம் உடையும். பவர்பாயிண்டில் ஒலியை இணைப்பாக வைத்திருந்தால் உங்கள் கம்ப்யூட்டரைத் தாண்டியதும் பேசாது, கோப்புக்குள்ளேயே பதித்திருக்க வேண்டும். ஃபாண்ட் இல்லாவிட்டால் எழுத்து பெட்டியை விட்டு வெளியே ஓடும், கோப்போடு சேர்த்துச் சேமிக்கும் வசதியை இயக்குங்கள். தொடக்கப் பள்ளிக்கு என்றால் விண்டோஸில் 2017லிருந்து கூடவே வரும் யூடி டிஜிட்டல் கியோகஷோ ஃபாண்டை எடுங்கள். சாதாரண ஃபாண்டில் ஆங்கிலச் சின்ன "ஏ" பிள்ளைகள் கையால் எழுதும் வடிவத்தில் இருக்காது, மூன்றாம் வகுப்புக் குழந்தை அதைப் பார்த்து வேறு எழுத்து என்று நினைக்கும்.

மூன்றாவது, பாடநூல் மாற்றம். தொடக்கப் பள்ளிப் பாடநூல் 2020, 2024இலும் ஜூனியர் ஹைஸ்கூல் பாடநூல் 2021, 2025இலும் மாறின. ஃபோல்டர் பெயரில் எந்தப் பதிப்பு என்று இல்லாவிட்டால் "பாடம் 5" என்பது எந்தப் பாடம் 5? பழையதை அழிக்க வேண்டாம், தனி ஃபோல்டரில் தள்ளுங்கள். மணி நேரம் தெரிந்தால் புதியவர் எவ்வளவு தயாரிக்க வேண்டும் என்று கணக்குப் போடலாம்: 3, 4ஆம் வகுப்புக்கு வருஷத்துக்கு 35 வகுப்பு, 5, 6க்கு 70, ஜூனியர் ஹைஸ்கூலுக்கு 140. தொடக்கப் பள்ளி வகுப்பு 45 நிமிடம், ஜூனியர் ஹைஸ்கூல் 50. ஜூனியர் ஹைஸ்கூலில் 50 நிமிடத்துக்குப் போட்ட திட்டத்தை அப்படியே தொடக்கப் பள்ளிக்குத் தூக்கிப் போனால் கடைசி விளையாட்டு தொங்கலில் நிற்கும்.

தாழங்குடை:

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். செப்டம்பரில் புது ஏஎல்டியின் தபால் பெட்டியில் கனமான உறை, மேலே முந்தையவர் பெயர். உள்ளே குடியிருப்பு வரிச் சீட்டுகள். புதியவர் தனக்கு வந்தது என்று நினைத்து, கன்வீனியன்ஸ் ஸ்டோர் கவுன்டரில் முதல் சீட்டை நீட்டிப் பணமும் கட்டிவிட்டார். கிளம்பியவரின் கடன், வந்தவரின் முதல் சம்பளத்திலிருந்து.

தபால் நிலையத்தில் முகவரி மாற்றம் கொடுத்தால் ஜப்பானுக்குள் மட்டும்தான் திருப்பி அனுப்புவார்கள், வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். உங்கள் பெயரில் வருவதெல்லாம் அடுத்தவர் பெட்டியில்தான் விழும். எனவே வீட்டைக் காலி செய்யும் முன்:

குடியிருப்பு வரி. ஜனவரி 1 அன்று இங்கே முகவரி இருந்தால் போன வருஷ வருமானத்துக்கு வரி உண்டு. அது ஜூனிலிருந்து அடுத்த மே வரை பிரித்துப் பிடிக்கப்படும். ஆகஸ்டில் கிளம்பினால் மீதி மாதங்கள் பாக்கி. கடைசிச் சம்பளத்தில் மொத்தமாகப் பிடிக்கச் சொல்லிக் கணக்குப் பிரிவில் ஜூன் மாதமே கேளுங்கள்.

வெளியேறும் அறிவிப்பு. நகராட்சியில் "டென்ஷுட்சு தொடோகே" கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். கொடுக்காமல் போனால் காகிதத்தில் நீங்கள் இன்னும் அந்த வீட்டில்தான் இருப்பீர்கள், பென்ஷன் பணம் கேட்கும்போது அதுதான் தடுக்கும்.

பென்ஷன். கட்டியதில் ஒரு பகுதியை மொத்தமாகத் திரும்பப் பெற, குறைந்தது 6 மாதம் கட்டியிருக்க வேண்டும், ஜப்பானில் முகவரி நீங்கிய 2 வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கணக்கில் எடுப்பது அதிகபட்சம் 60 மாதம். ஊழியர் பென்ஷனில் 20.42 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். அந்த வரியைத் திரும்ப வாங்க, ஜப்பானில் இருக்கும் ஒருவரை வரிப் பிரதிநிதியாக வரி அலுவலகத்தில் பதிய வேண்டும். பணம் வந்தபோது கூடவே வரும் அறிவிப்புத் தாளின் மூலப் பிரதியை அவருக்கு அனுப்ப வேண்டும், தொலைத்துவிடாதீர்கள்.

இந்தியர்களுக்குத் தனியாக ஒன்று. இந்தியா, ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இரு நாட்டிலும் பென்ஷன் கட்டிய காலத்தைச் சேர்த்துத் தகுதி பார்க்கலாம். மொத்தப் பணத்தை வாங்கிவிட்டால் ஜப்பானில் கட்டிய அந்தக் காலம் கணக்கிலிருந்து போய்விடும். வாங்கும் முன் யோசியுங்கள்.

வரிப் பிரதிநிதி வேலையைப் புதிதாக வந்தவர் தலையில் கட்டாதீர்கள். வந்து இரண்டு வாரம் ஆனவரால் வரி அலுவலகத்துக் கடிதத்தைப் படிக்க முடியாது, மறுக்கவும் தெரியாது. பல வருஷமாக இங்கே இருக்கும் நண்பரையோ உடன் வேலை செய்த ஆசிரியரையோ கேளுங்கள்.

நடைவண்டி:

நீர்முள்ளி சொன்னது சரி, ஒப்பந்தம் யார் பெயரில் என்பதுதான் முதல் கேள்வி. முதல் பக்கத்தில் அதையும் சேர்க்க வேண்டும். ஆனால் சூப்பர்வைசர் பார்த்துக்கொள்வார் என்று விட்டதால்தான் அந்த வெள்ளிக்கிழமை இரவு நடந்தது. அவர் ஏப்ரலில்தான் அந்த இருக்கைக்கு வந்தவர், ஏஎல்டியை வரவேற்பது அவருக்கும் முதல் தடவை.

ஓடைக்கல்:

அந்த ஏப்ரல் மாற்றத்தைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஜப்பானில் ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் இடமாற்றம் ஏப்ரலில், ஏஎல்டி மாறுவது ஆகஸ்டில். எந்த ஜேடிஇயை (ஏஎல்டியோடு சேர்ந்து வகுப்பெடுக்கும் ஜப்பானிய ஆங்கில ஆசிரியர்) பற்றி எழுதினாலும் எட்டு மாதத்தில் அவர் வேறு பள்ளியில் இருக்கலாம். ஆகவே குணத்தை எழுதாமல் வேலை முறையை எழுதுங்கள்: "முந்தின நாள் மாலை திட்டம் கேட்பார்", "மணி அடிக்க ஐந்து நிமிடம் முன்னால்தான் சொல்வார், ஆகவே ஐந்து நிமிட வார்ம்-அப் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும்".

மாறாமல் இருப்பது பள்ளிதான். மூன்று நான்கு பள்ளிக்குப் போகிறவருக்கு ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் போதும்: எந்தப் பேருந்து, எந்த வாசல், உள்ளே நுழைந்ததும் யாரிடம் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும் (பெரும்பாலும் துணைத் தலைமையாசிரியர், நடு மேஜையில் இருப்பார்), வருகைப் பதிவேட்டில் ஹன்கோ முத்திரையா, பலகையில் பெயரைத் திருப்பி வைப்பதா, மதிய உணவு எந்த வகுப்போடு, உணவுக் கட்டணம் யாரிடம், கிளம்பும்போது "ஒஸாகி நி ஷிட்சுரேய் ஷிமாஸ்" சொல்ல வேண்டும் என்பது. உள்ளே போட ஒரு ஜோடி ஷூ எல்லாப் பள்ளியிலும் வேண்டும். பெரிய அளவு கால் என்றால் இங்கே கடையில் கிடைப்பது கஷ்டம், வரும்போதே கொண்டு வரச் சொல்லுங்கள்.

ஒரு தொடக்கப் பள்ளியின் ஷூ அலமாரி. கீழ்வரிசை ஓரப் பெட்டியில் முந்தைய ஏஎல்டியின் பெயர், வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்தான கத்தகானாவில். புதியவருக்கு அது தன் பெட்டி என்று தெரியாது. விருந்தாளிகள் போடும் பச்சைச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் வகுப்புக்குப் போனார். மாடிப்படியில் அது காலை விட்டுக் கழன்று இரண்டு படி கீழே விழுந்தது, பின்னால் வந்த இரண்டாம் வகுப்புக் குழந்தை அதை எடுத்து இரண்டு கையாலும் நீட்டியது. கிளம்பும் முன் பழைய பெயரைக் கிழித்துவிட்டு, வருகிறவர் பெயரைக் கத்தகானாவில் எழுதி ஒட்டிவிடுங்கள். எழுத்து சரியா என்று அவரிடமே மெயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்பில் பிள்ளைகள் கூப்பிடப்போவதும் அதே கத்தகானாவில்தான்.